தொர்தோனிலிருந்து புரோவான்ஸுக்குக் காரில்: வழியில் எங்கே தங்குவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸின் தென்மேற்கில் தொர்தோன் ஆற்றோரம் ஒரு வாரம், தென்கிழக்கில் புரோவான்ஸில் ஒரு வாரம் என்று கோடை விடுமுறையைப் பிரித்துக்கொள்பவர்கள் பலர். இரண்டுக்கும் நடுவில் வரும் பயண நாளைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்புதான் தொலைபேசியில் அழைப்பார்கள். துலூஸில் வசிப்பவன் என்பதால் உறவினர்களும் நண்பர்களும், அவர்களுடைய நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தொடக்கம் சார்லா நகரம் என்றும் முடிவு அவிஞ்ஞோன் என்றும் வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

சார்லாவிலிருந்து அவிஞ்ஞோன் எவ்வளவு தூரம்? ஒரே நாளில் போய்விட முடியாதா?

விரைவுச்சாலை வழியே சுமார் 530 கிலோமீட்டர். சூயாக் அருகே ஏ20 சாலையைப் பிடித்து, காஓர், மொந்தோபான் வழியாகத் துலூஸ், அங்கிருந்து ஏ61 சாலையில் கர்கசோன், நார்போன், பிறகு ஏ9 சாலையில் மோன்பெலியே, நீம், கடைசியில் அவிஞ்ஞோன். கைப்பேசி வரைபடம் ஐந்தரை மணி நேரம் என்று காட்டும்.

அந்த ஐந்தரை மணி நேரத்தில் சாப்பாடு இல்லை, கழிப்பறை இல்லை, எரிபொருள் இல்லை, துலூஸ் சுற்றுச்சாலை நெரிசலும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஓய்வெடுங்கள் என்று பிரெஞ்சு சாலைப் பாதுகாப்புத் துறை ஓயாமல் சொல்கிறது; அதைக் கேட்டு நடந்தால் கோடைகாலத்தில் எட்டு மணி நேரம் ஆகும். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவதாக இருந்தால் ஒரே நாளில் போகலாம். ஓட்டுநர் ஒருவரே, பின்னிருக்கையில் குழந்தைகள் என்றால், நடுவில் ஓர் இரவு தங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

இந்த ஒரு வழிதானா? வேறு வழி கிடையாதா?

இருக்கிறது. மேலே சொன்னதைத் தெற்கு வழி என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்றை மலை வழி எனலாம்: காஓருக்குத் தெற்கே விரைவுச்சாலையை விட்டு விலகி ஆல்பி, அங்கிருந்து டி999 சாலையில் சேன்-அஃப்ரீக், மியோ (எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் 'மில்லாவ்' என்பார்கள்), பிறகு ஏ75 சாலையில் லார்சாக் மேட்டுநிலத்தைக் கடந்து மோன்பெலியே. தூரம் சற்றே குறைவு. ஆனால் பாதி தூரம் இருவழிச் சாலை என்பதால் ஓட்டும் நேரமே ஏழு மணி ஆகிவிடும்.

ஒரே நாளில் போகிறவர்களுக்குத் தெற்கு வழி. வழியில் தங்குகிறவர்கள் இரண்டையும் பரிசீலிக்கலாம். வளைவுச் சாலையில் குமட்டல் வரும் குழந்தை இருந்தால் மலை வழியை மறந்துவிடுங்கள்.

வழியில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. காஓர், துலூஸ், கர்கசோன், நார்போன், நீம், போன் து கார் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். எதை விடுவது?

ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் விடுங்கள். எனக்கு வரும் திட்டங்களில் பத்துக்கு எட்டு இந்தப் பட்டியல் நோயால்தான் கெடுகின்றன. ஒவ்வோர் ஊரிலும் 'ஒரு மணி நேரம்தான்' என்று எழுதியிருப்பார்கள். விரைவுச்சாலையை விட்டு ஊருக்குள் வருவது, வண்டி நிறுத்த இடம் தேடுவது, பழைய ஊருக்கு நடப்பது, திரும்பி வருவது ஆகியவையே அந்த ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும்.

தேர்வுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. தொடங்கும் ஊரிலிருந்தோ சேரும் ஊரிலிருந்தோ ஒரு பகல் பயணமாகப் போய்வரக்கூடிய இடத்தைப் பயண நாளில் பார்க்க வேண்டாம். காஓர் சார்லாவிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். தொர்தோனில் இருக்கும் வாரத்திலேயே பார்த்துவிடலாம். நீம் அவிஞ்ஞோனிலிருந்து 45 கிலோமீட்டர், போன் து கார் அதைவிடக் கிட்டே. இரண்டு வாரத்தில் எந்த நாளிலும் எட்ட முடியாதவை நடுவில் இருக்கும் கர்கசோன், ஆல்பி, மியோ ஆகியவைதான். பயண நாள் அவற்றில் ஒன்றுக்கு உரியது.

போன் து கார் வழியிலேயே இருக்கிறதே, அதையும் விடச் சொல்கிறீர்களா?

அன்று மட்டும்தான் விடச் சொல்கிறேன். ஏறத்தாழ 49 மீட்டர் உயரத்தில், மூன்றடுக்கு வளைவுகளாக நிற்கும் அந்த உரோமானிய நீர்ப்பாலம், நீம் நகருக்குத் தண்ணீர் கொண்டுசெல்ல முதல் நூற்றாண்டில் கட்டப்பட்டது. 1985 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் அடியில் கார்தோன் ஆற்றில் குளிக்கலாம். ஐந்து மணி நேரம் வண்டியில் அமர்ந்து வந்த களைப்போடு, ஏறிட்டுப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு ஓடுவதற்கான இடம் அல்ல அது. அவிஞ்ஞோனில் இறங்கிய பிறகு, ஒரு காலை நேரத்தில் துண்டு, நீச்சலுடையோடு போங்கள்.

கர்கசோன், ஆல்பி, மியோ: ஓர் இரவு தங்க எது சிறந்தது?

முதன்முறை போகிறவர்களுக்குக் கர்கசோன். சார்லாவிலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். மறுநாள் அவிஞ்ஞோனுக்கு இரண்டரை மணி நேரம். முதல் நாள் சற்று நீளம், இரண்டாம் நாள் குறைவு என்ற பங்கீடு நல்லது. புதிய வீட்டுக்குப் பகலிலேயே போய்ச் சேர்ந்து, காய்கறி வாங்கி, கதவு எப்படித் திறக்கிறது என்று கற்றுக்கொள்ள நேரம் இருக்கும்.

இரட்டை மதில்களும் 52 கோபுரங்களும் கொண்ட கோட்டை நகரத்தை நண்பகலில் பார்த்துவிட்டு, 'நினைவுப்பொருள் கடைகள்தான் இருக்கின்றன, ஏமாற்றம்' என்று சொல்பவர்கள் உண்டு. நேரம்தான் பிழை. மாலை ஆறு மணிக்குப் பிறகு சுற்றுலாப் பேருந்துகள் போய்விடும். இரு மதில்களுக்கும் இடையிலான வெளியில் நீங்களும் வானில் சுற்றும் உழவாரக் குருவிகளும்தான். கோட்டைக்குள் நுழைய, தெருக்களில் நடக்கக் கட்டணம் கிடையாது. பிரபுவின் அரண்மனைக்கும் மதில்மேல் நடைக்கும் மட்டும் சீட்டு வாங்க வேண்டும், அதை மறுநாள் காலை வைத்துக்கொள்ளலாம். இன்று காணும் கோட்டை 19ஆம் நூற்றாண்டில் வியோலே-லெ-துயூக் என்ற கட்டடக்கலைஞர் சீரமைத்தது. கோபுரங்களுக்கு அவர் வைத்த கூரான கற்பலகைக் கூரைகள் வடக்கத்திய பாணி, தெற்குக்குப் பொருந்தாது என்று அன்று எழுந்த சர்ச்சை இன்னும் அடங்கவில்லை. எனக்கு அந்தக் கூரைகள் பிடிக்கும். தவறான கூரையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

தங்குவதற்குக் கோட்டைக்குள் விலை அதிகம், வண்டியும் உள்ளே போகாது. கோட்டைக்கு எதிரே, ஓட் ஆற்றின் மறுகரையில் இருக்கும் கீழ் நகரத்தில் தங்கி, பழைய பாலத்தின் வழியே நடந்து போங்கள். இரவில் விளக்கு ஏற்றிய கோட்டையை அந்தப் பாலத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்.

கர்கசோன் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. ஆல்பி ஓர் இரவுக்குத் தாங்குமா?

நன்றாகவே தாங்கும். செங்கல்லால் எழுந்த சேன்ட்-செசில் பேராலயத்தின் வேலை 1282இல் தொடங்கியது. வெளியே கோட்டை, உள்ளே தலைக்குமேல் நீலமும் பொன்னுமாக ஓவியம். இந்த முரண் தற்செயலானது அல்ல. கத்தார் என்ற சமயப் பிரிவினரை ஒடுக்கிய போருக்குப் பின், இங்கே யாருடைய அதிகாரம் நடக்கிறது என்று ஊருக்கு உணர்த்தக் கட்டப்பட்ட ஆலயம் அது. பக்கத்திலேயே பழைய ஆயர் மாளிகையில், 1864இல் இவ்வூரில் பிறந்த துலூஸ்-லோத்ரெக்கின் ஓவியங்களுக்கான அருங்காட்சியகம். ஆலயமும் அதைச் சூழ்ந்த ஆயர் நகரமும் 2010இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

ஆனால் தூரக் கணக்கைக் கவனியுங்கள். சார்லாவிலிருந்து ஆல்பி மூன்று மணி நேரத்துக்குள். மறுநாள் மலை வழியில் நாலேகால் மணி நேரத்துக்குக் குறையாது. முந்தைய பதிலில் சொன்ன பங்கீடு இங்கே தலைகீழாகிறது. காலை எட்டரைக்குப் புறப்பட முடிகிற குடும்பங்களுக்கே இது ஒத்துவரும்.

மியோ பாலத்தின் மேல் ஓட்டிச் செல்ல ஆசை. மலை வழியில் போனால் அது அமையும் அல்லவா?

அமையாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் போய் வருத்தப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர். ஆல்பியிலிருந்து டி999 வழியாக வரும்போது நீங்கள் தார்ன் பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்கி, பாலத்துக்குக் கீழே கடந்து மியோ ஊருக்குள் போகிறீர்கள். தெற்கே மோன்பெலியே செல்ல, பாலம் முடிந்த பிறகு வரும் மேட்டுநிலத்தில்தான் ஏ75 சாலையில் ஏறுவீர்கள். பாலத்தின் மேல் போக வேண்டுமென்றால் மியோவுக்கு வடக்கே போய், சுங்கம் செலுத்தி, தெற்கு நோக்கித் திரும்பி வர வேண்டும்.

அப்படிச் சுற்றிப் போவது வீண் என்பது என் கருத்து. 2004 டிசம்பரில் திறக்கப்பட்ட அப்பாலம் 2,460 மீட்டர் நீளம்; மிக உயர்ந்த தூணின் உச்சி 343 மீட்டர், அதாவது ஈஃபிள் கோபுரத்தையும் விஞ்சியது. பொறியாளர் மிஷேல் வீர்லோழோவும் கட்டடக்கலைஞர் நார்மன் ஃபாஸ்டரும் தந்த வடிவம். மேலே ஓட்டும்போது ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். கம்பிவடங்களையும் காற்றுத் தடுப்பையும்தான் பார்ப்பீர்கள். கீழேயிருந்து, ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் அது என்ன என்று புரியும்.

மலை வழியில் வேறு எங்கே நிற்கலாம்?

டி999 சாலையிலிருந்து சிறிது விலகினால் ரோக்ஃபோர். மலைச்சரிவு இடிந்து உண்டான பிளவுகளின் வழியே ஈரக்காற்று வந்துபோகும் குகைகளில் செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியை முதிர வைக்கிறார்கள். உள்ளே சுற்றிக்காட்டுவதும் உண்டு. கோடையிலும் குளிரும் இடம், குழந்தைகளுக்கு மேலாடை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ75 சாலையில் ஏறிய பிறகு, சற்றே உள்ளே தள்ளி, லா கூவெர்துவாராத் என்ற மதில் சூழ்ந்த சிற்றூர். இடைக்காலத்தில், போர்வீரர்களாகவும் இருந்த கிறித்தவத் துறவியர் சங்கங்களின் வசம் இருந்தது. இரண்டில் ஒன்று போதும்.

தங்கப் போவதில்லை, ஒரே நாள்தான். நல்ல ஓய்விடம் ஒன்று சொல்லுங்கள்.

துலூஸைத் தாண்டி ஏ61 சாலையில் போர்-லோராகே என்ற சேவை நிறுத்தம். பெயரைப் பார்த்து இன்னொரு எரிபொருள் நிலையம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மிதி (Canal du Midi) என்ற படகுக் கால்வாயின் கரையிலேயே அமைந்த நிறுத்தம் அது, படகுகள் கட்டி நிற்கும். பியேர்-போல் ரிகே 1666இல் தொடங்கி, அவர் இறந்த அடுத்த ஆண்டான 1681இல் திறக்கப்பட்ட கால்வாய். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோர ஏரி வரை 240 கிலோமீட்டர்.

இங்கேயிருந்து சில கிலோமீட்டரில் நோரூஸ் என்ற மேட்டுப்பகுதி. மேற்கே விழும் நீர் அட்லாண்டிக்குக்கும் கிழக்கே விழும் நீர் மத்தியதரைக் கடலுக்கும் போகும் நீர்ப்பிரிமுகடு அது. கால்வாயின் உச்சிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதுதான் அதற்கு முன் யோசித்தவர்களையெல்லாம் மடக்கிய கேள்வி. கருமலையின் ஓடைகளைத் திருப்பி, அணை கட்டித் தேக்கி, இந்த முகட்டுக்குக் கொண்டுவந்து இரு பக்கமும் பாயவிட்டார் ரிகே. வயல்களில் ஏரிப் பாசனம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஏற்பாட்டின் அழகு உடனே விளங்கும். கால்வாயோரப் பிளேன் மரங்கள் ஒரு பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டுவிட்டன. பழைய படங்களில் காணும் நிழல் எல்லா இடத்திலும் இருக்காது.

நாங்கள் சைவம். வழியில் என்ன கிடைக்கும்?

கஸ்தெல்னோதாரியும் கர்கசோனும் பெருமையோடு பரிமாறும் கசூலே, வெள்ளை பீன்ஸ் என்று எழுதியிருந்தாலும், வாத்து, பன்றி, தொத்திறைச்சி சேர்ந்தது. மலை வழியில் அலிகோ கிடைக்கும்: மசித்த உருளைக்கிழங்கில் புதிய பாலாடைக்கட்டியைக் கிளறிக் கிளறி நூலாக இழுபட வைத்தது. தொத்திறைச்சியோடு வைப்பது வழக்கம் என்பதால், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். மரபான பாலாடைக்கட்டிகளில் பாலை உறைய வைக்க, கன்று போன்ற விலங்குகளின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள். கண்டிப்பான சைவர்கள் இதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

சிற்றூர் உணவகங்களில் மதிய உணவு 12 மணிக்குத் தொடங்கி 2 மணியோடு முடிந்துவிடும். இரண்டேகாலுக்குப் போய்க் கெஞ்சிப் பயனில்லை. காலையிலேயே ரொட்டி, தக்காளி, பழம் வாங்கிக்கொண்டு, எரிபொருள் விற்காத சிறு ஓய்விடங்களின் மர நிழலில் சாப்பிடுவதே எங்கள் வீட்டு வழக்கம். புளிசாதமும் பலமுறை பயணம் செய்திருக்கிறது.

சுங்கம் எப்படிச் செலுத்துவது? எங்கெல்லாம் உண்டு?

தெற்கு வழியில் ஏ20 சாலையின் இந்தப் பகுதி, ஏ61, ஏ9 ஆகியவற்றில் உண்டு. நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது வங்கி அட்டையிலோ பணமாகவோ செலுத்தலாம். ஆரஞ்சு நிற 't' குறி மட்டும் இருக்கும் தடம் மின்னணுக் கருவி வைத்திருப்பவர்களுக்கு. அதில் தவறி நுழைந்தால் பின்னால் வரும் ஹாரன் ஒலி உங்களுக்கு அதை உணர்த்தும். மலை வழியில் ஏ75 சாலை, மியோ பாலத்தைத் தவிர, இலவசம்.

மோன்பெலியே அருகே சாலை இரண்டாகப் பிரியும். 2017 முதல் பழைய தடம் ஏ709 என்ற பெயரில் நகரப் போக்குவரத்துக்கானது. ஊருக்குள் வேலை இல்லாதவர்கள் ஏ9 பலகையை விடாமல் பின்தொடருங்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமம் போதுமா? வேக வரம்பு என்ன?

சுற்றுலாவாக வருபவர் தம் உரிமத்தோடு அதிகாரப்பூர்வ பிரெஞ்சு மொழிபெயர்ப்பையோ பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையோ வைத்திருக்க வேண்டும். பின்னதை ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெற்று வந்துவிடுங்கள்.

விரைவுச்சாலையில் 130, மழையில் 110, ஊருக்கு வெளியே இருவழிச் சாலைகளில் பொதுவாக 80, சில மாவட்டங்களில் 90, ஊருக்குள் 50. இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களைத் தடுமாற வைப்பது வேகம் அல்ல, சிற்றூர்களில் பலகை ஏதும் இல்லாத சந்திப்புகள்: வலப்பக்கச் சிறு தெருவிலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. தெற்கு வழியில் இது அரிது, மலை வழியில் அடிக்கடி.

பெட்டிகளை வண்டியில் வைத்துவிட்டுப் போய்ச் சுற்றலாமா?

வேண்டாம். ஒரு முறை, பெயர் பெற்ற ஒரு சுற்றுலாத்தலத்தின் வாகன நிறுத்துமிடத்தில், நாற்பது நிமிடத்தில் எங்கள் பின்கண்ணாடி உடைந்திருந்தது. போனது ஒரு பழைய மடிக்கணினிப் பை, உள்ளே அழுக்குத் துணி. திருடன்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது, கண்ணாடிக்கான செலவைக் கேட்கும் வரை. பயண நாளில் வண்டியில் உங்கள் உடைமை முழுவதும் இருக்கிறது என்பது பார்த்தாலே தெரியும். முதலில் விடுதி, பெட்டியை இறக்கிவிட்டுப் பிறகு ஊர் என்ற வரிசையே பாதுகாப்பு. பட்டியல் போட்டு ஐந்து ஊரில் நிற்க வேண்டாம் என்று முன்பு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு வாடகை வீடுகளும் சனி முதல் சனி வரை. அப்படியானால் இடையில் தங்க இரவே இல்லையே?

இதுதான் உண்மையான சிக்கல். கோடையில் கிராமத்து வாடகை வீடுகள் பெரும்பாலும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் காலி செய்து, அடுத்த வீட்டில் மாலை நான்கு மணிக்கு மேல் நுழையும் முறையில்தான் கிடைக்கின்றன. ஓர் இரவை இழந்தே ஆக வேண்டும்: முதல் வீட்டின் வெள்ளி இரவையா, இரண்டாம் வீட்டின் சனி இரவையா?

வெள்ளி இரவையே இழந்துவிடுங்கள். முதலாவது, ஊரே இடம் மாறும் சனிக்கிழமையில் நீங்கள் ஓட்டும் தூரம் பாதியாகிறது. இரண்டாவது, சனி மாலையே போய்ச் சேர்ந்தால் கடைகள் திறந்திருக்கும். ஞாயிறு பிற்பகலில் போய் இறங்கினால் சிற்றூரில் பால்கூடக் கிடைக்காமல் போகலாம். வெள்ளியன்று சாவி ஒப்படைக்க வீட்டுக்காரரிடம் வாரத் தொடக்கத்திலேயே நேரம் கேட்டு வையுங்கள். வீட்டைப் பார்வையிட்டு முன்பணத்தைத் திருப்பித் தருவது அவர் முன்னிலையில் நடந்தால் பின்னால் பேச்சு வராது.

எந்த வார இறுதியில் போகவே கூடாது?

ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் வார இறுதி. ஜூலைக்காரர்கள் வீடு திரும்ப, ஆகஸ்ட்காரர்கள் புறப்பட, இரு திசையும் நிரம்பும். பிசோன் ஃபூத்தே என்ற அரசுச் சேவை ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று முன்கணிப்பு தருகிறது. கறுப்பு நாளில் ஏ9 சாலையின் நார்போன்–மோன்பெலியே பகுதி நகராது. தேதியை மாற்ற முடியாதவர்கள் அந்த ஒரு நாளுக்காவது மலை வழியைத் தேர்ந்தெடுக்கலாம், ஏழு மணி நேரமானாலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

ஜூலை 14 இரவு கர்கசோனில் கோட்டை பின்னணியில் நடக்கும் வாணவேடிக்கை புகழ்பெற்றது. அதற்காகவே போகிறீர்கள் என்றால் பல மாதம் முன்பே அறை பிடியுங்கள். அதற்காக இல்லை என்றால் அன்று வேறு ஊரில் தங்குங்கள்.

புரோவான்ஸ் முதலில், தொர்தோன் பிறகு என்று திட்டம். இதே பதில்கள் பொருந்துமா?

பெரும்பாலும். இரண்டு மாற்றங்கள் மட்டும். கர்கசோனில் தங்கினால் இப்போது நீண்ட பகுதி இரண்டாம் நாளுக்குப் போகிறது. எனவே காலை அரண்மனைச் சுற்றலை முடித்து பதினொன்றுக்குள் புறப்பட்டுவிடுங்கள். மாலை ஐந்துக்குத் துலூஸ் சுற்றுச்சாலையில் இருக்கும்படி நேரம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மற்றொன்று காற்று. நார்போன் பக்கம் வடமேற்கிலிருந்து வீசும் திராமோந்தான் கிழக்கே போகும்போது பக்கவாட்டிலும் பின்னாலும் தள்ளும். மேற்கே திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கும். கூரைப்பெட்டி கட்டியவர்கள் அந்தப் பகுதியில் 110க்கு மேல் போகாதீர்கள், எரிபொருளை நார்போனுக்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்; சாலையோரப் பேரங்காடிகளின் பம்புகளில் விலை குறைவு, ஆட்கள் இல்லாத நேரத்தில் இரகசிய எண் உள்ள வங்கி அட்டை தேவைப்படும்.